நடுமடிப்பில் முகம் போகாமல் திருமண ஆல்பம் வடிவமைப்பது எப்படி?

அக்காவின் திருமண ஆல்பம் அச்சாகி வந்த அன்று, வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்க, நான்தான் பக்கங்களைப் புரட்டினேன். 12, 13ஆம் பக்கங்களை விரித்ததும் கை நின்றுவிட்டது. பதினொரு பேர் வரிசையாக நிற்கும் குடும்பப் படம், நடுவில் பாட்டி. அவருடைய ஒரு கண் இந்தப் பக்கத்தில், மற்றொரு கண் அந்தப் பக்கத்தில். மூக்கும் சிரிப்பும் பைண்டிங் பசைக்குள் போய்விட்டன. கணினித் திரையில் அதே படம் முழுதாக, அழகாக இருந்தது.

அந்த ஆல்பத்தைத் திருத்தி மறுபடி அச்சிட்டேன். பிறகு இன்னும் மூன்று ஆல்பங்கள் செய்துவிட்டேன். படங்களைக் கணினியில் ஏற்றுவது, வெட்டிச் சீராக்குவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1. முதலில் நேரத்தைச் சரிசெய்யுங்கள்

இரண்டு பேர் படம் எடுத்திருந்தால் இரண்டு கேமராக்களின் கடிகாரமும் ஒத்துப்போவது அபூர்வம். அப்படியே வரிசைப்படுத்தினால் விடைபெறும் காட்சி வரவேற்புக்கு முன்னால் வந்து நிற்கும். இரண்டு கேமராக்களிலும் பதிவான ஒரே கணத்தைத் தேடுங்கள். மாலை கழுத்தில் விழும் நொடி போன்ற ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும். வித்தியாசம் எவ்வளவு என்று பார்த்து, ஒரு கேமராவின் படங்கள் அனைத்தையும் அந்த அளவுக்கு நகர்த்துங்கள். லைட்ரூமிலும் இலவச மென்பொருளான டிஜிகேமிலும் இதற்கு வசதி உண்டு.

2. குறையுங்கள், மறுபடியும் குறையுங்கள்

முப்பது பக்க ஆல்பத்துக்கு எண்பது படங்களுக்கு மேல் நான் எடுப்பதில்லை. கடைசிச் சுற்றுத் தேர்வைத் திரையில் செய்வதும் இல்லை. படங்களைத் தீப்பெட்டி அளவில் சாதாரணத் தாளில் அச்சிட்டு, கத்தரித்துத் தரையில் பரப்பிவிடுவேன். ஒரே சிரிப்பு நான்கு முறை வந்திருப்பது அப்போதுதான் தெரியும்; எந்த உறவினர் விட்டுப்போனார் என்பதும் தெரியும். வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். "இவர் படம் எங்கே?" என்று அவர் கேட்கும் கேள்விக்கு ஈடான மென்பொருள் எதுவும் இல்லை.

3. அளவு

அச்சுக்கு 300 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள், என்பதைக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். 12 அங்குலச் சதுரப் பக்கம் என்றால் 3600 × 3600 பிக்சல். இரண்டு பக்கமும் சேர்ந்த விரிப்பு 7200 × 3600. 6000 × 4000 பிக்சல் தரும் கேமராவின் படத்தை விரிப்பு முழுக்கப் போட்டால் 250 டிபிஐ கிடைக்கும். அது தாராளமாகப் போதும். கைப்பேசிச் செயலி வழியாகச் சுருங்கி வந்த படங்களில்தான் எச்சரிக்கை வேண்டும். நீளம் 1600 பிக்சல்தான் என்றால் 5 அங்குலத்துக்கு மேல் பெரிதாக்காதீர்கள். அனுப்பியவரிடம் மூலக் கோப்பையே கேட்டு வாங்குங்கள்.

நான்கு ஓரங்களிலும் வெட்டுக்காக 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடுவது வழக்கம். அச்சிடுபவர் வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

4. நடுமடிப்பு

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள்.

முதல் கேள்வி, உங்கள் ஆல்பம் எந்த பைண்டிங் என்பது. சாதாரணப் புத்தகம்போல முதுகில் பசை போட்டு ஒட்டும் வகையில் பக்கங்கள் தட்டையாக விரியாது. உள்விளிம்பின் ஒரு பகுதி வளைந்து உள்ளே போய்விடும். ஆல்பம் தடிமனாக ஆக, இழப்பும் கூடும். லே ஃபிளாட் வகையில் ஒரு விரிப்பு முழுவதும் ஒரே தாளில் அச்சாகி, நடுவில் மடிக்கப்பட்டு, அடுத்த விரிப்புடன் முதுகோடு முதுகாக ஒட்டப்படும். அதில் படம் எதுவும் உள்ளே போகாது. ஆனால் மடிப்புக் கோடு தெரியும். அந்தக் கோடு நெற்றியிலிருந்து முகவாய் வரை ஓடினால் அதுவும் கண்ணை உறுத்தும்.

திருமண ஆல்பத்துக்கு லே ஃபிளாட்தான் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. செலவு கூடினால் பக்கங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள், பைண்டிங்கைக் குறைக்காதீர்கள்.

எந்த வகையானாலும் நான் செய்யும் சோதனை இது. விரிப்பின் இரண்டு பக்கங்களையும் முழு அளவில் தனித்தனித் தாளில் அச்சிடுங்கள். கறுப்பு வெள்ளையே போதும். ஆல்பத்தின் தடிமனுக்கு நெருக்கமான ஒரு பழைய புத்தகத்தை நடுவில் விரித்து, இரண்டு தாள்களையும் உள்விளிம்பு வரை தள்ளி டேப் போட்டு ஒட்டுங்கள். இனி மடியில் வைத்துப் புரட்டிப் பாருங்கள். எது மறைகிறது என்று உடனே புலப்படும். பாட்டியின் படத்தை இப்படி ஒட்டிப் பார்த்தபோது மூக்கு மறைந்த அதே இடம் அப்படியே தெரிந்தது. முன்பே செய்திருக்கலாமே என்று இருந்தது.

தீர்வு எளிது. படத்தைப் பக்கவாட்டில் நகர்த்தி, இருவருக்கு இடையிலுள்ள வெளி மடிப்பில் விழுமாறு செய்யுங்கள். மடிப்பின் இருபுறமும் குறைந்தது 10 மில்லிமீட்டருக்கு முகமோ கையோ எழுத்தோ வரக்கூடாது. ஆட்கள் நெருக்கமாக நின்று, இடைவெளியே கிடைக்கவில்லை என்றால் அந்தப் படத்தை ஒரே பக்கத்தில் அடக்கிவிடுங்கள். இரண்டாம் அச்சில் பாட்டியை அப்படித்தான் முழுதாக மீட்டேன். படம் சிறியதாகிவிட்டது, அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

5. பக்க அமைப்பு

ஒரு விரிப்புக்கு ஒரு படம் தலைமை தாங்கட்டும். மற்றவை அதற்குத் துணை நிற்கட்டும். ஓரமாக நிற்பவர் பக்கத்தின் உட்புறம் பார்ப்பதுபோல் வையுங்கள். படங்களுக்கு இடையிலுள்ள இடைவெளி ஆல்பம் முழுக்க ஒரே அளவில் இருக்க வேண்டும். நான் 4 மில்லிமீட்டர் வைக்கிறேன். பூ வேலைப்பாட்டுச் சட்டங்கள், மேகப் பின்னணி, இதய வடிவ வெட்டுகள் எதுவும் வேண்டாம். வெறும் வெள்ளைத் தாள் போதும். படத்தில் இருக்கும் மனிதர்களைவிட அலங்காரம் முந்திக்கொண்டு தெரியக்கூடாது.

கடைசிப் பக்கத்தில் குழுப்படங்களில் இருப்பவர்களின் பெயர்களை வரிசைப்படி சிறிய எழுத்தில் கொடுங்கள். இதை யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் முப்பது ஆண்டுகள் கழித்துப் பேரக்குழந்தைகள் முதலில் தேடுவது இதைத்தான்.

6. நிறம், வெளிச்சம்

அச்சு இருட்டாக வந்துவிட்டது என்ற குறை பெரும்பாலும் திரையால் வருவது. திரை தானே ஒளிர்கிறது, தாள் அப்படி ஒளிர்வதில்லை. அறை விளக்கின் கீழ் ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, திரையின் வெள்ளை தாளின் வெள்ளைக்கு நெருங்கும்வரை பிரகாசத்தைக் குறைத்துவிட்டுப் படங்களைத் திருத்துங்கள். கோப்புகளைத் திரைகளுக்கான பொதுவான நிற அமைப்பாகிய எஸ்ஆர்ஜிபியில் கொடுங்கள். அச்சிடுபவர் கேட்காமல், அச்சு மைகளுக்கான நான்கு நிற அமைப்பாகிய சிஎம்ஒய்கேவுக்கு மாற்றாதீர்கள். ஆல்பத்தைக் கொடுப்பதற்கு முன் மிக இருண்ட படம், மிக வெளிச்சமான படம், முகம் நெருக்கமாகத் தெரியும் படம் என்று மூன்றையாவது அதே தாளில் சோதனை அச்சு எடுத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

தாளில் நான் பளபளப்பைத் தவிர்க்கிறேன். விரல் ரேகை படியும், விளக்கு வெளிச்சம் பட்டு மின்னும். மிதமான மினுப்புள்ள லஸ்டர் அல்லது மினுப்பில்லாத மேட் நல்லது.

பின்சேர்க்கை 1: பெயர்கள் தமிழில் உடைகின்றனவா?

பதிவைப் படித்த ஒருவர், கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கின்றன என்று எழுதியிருந்தார். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில், பத்தி அமைப்புகளில் இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்ட் ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். அதே வேலைக்கான இலவச மென்பொருள் ஸ்கிரைபஸ் 1.4 வைத்திருப்பவர்கள் 1.6க்கு மாறுங்கள், பழையதில் தமிழ் ஒழுங்காக வராது. பிடிஎஃப் எடுத்த பின் பெயர்ப் பக்கத்தைப் பெரிதாக்கி ஒவ்வோர் எழுத்தாகப் படியுங்கள். பெயர்களைச் சரிபார்க்க இன்னொருவரிடமும் கொடுங்கள்.

பின்சேர்க்கை 2: கையில் பழைய அச்சுப் படங்கள் மட்டும் இருந்தால்

இன்னொருவரிடம் பெற்றோரின் திருமணப் படங்கள் அச்சாக மட்டுமே இருக்கின்றன; நெகட்டிவ் இல்லை. 4 × 6 அங்குலப் படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 12 அங்குல நீளம்வரை பெரிதாக்கலாம். கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். தூசியைப் பிறகு மென்பொருளில் நீக்க மணிக்கணக்காகும். அசல் படங்களைப் பசைப் பக்கமும் பிளாஸ்டிக் உறையும் கொண்ட ஆல்பத்தில் மறுபடி ஒட்டாதீர்கள். அந்தப் பசை காலப்போக்கில் மஞ்சளித்து, படத்தைப் பிரிக்க முடியாமல் பிடித்துக்கொள்ளும். அமிலமற்ற தாளில் மூலை ஒட்டிகளைப் பொருத்தி அவற்றுள் செருகி வையுங்கள். தேவைப்படும்போது கிழியாமல் எடுக்கலாம். படத்தின் பின்னால் பெயர் எழுத மென்மையான பென்சில் போதும். பேனா மை முன்பக்கம்வரை ஊறிவிடக்கூடும்.