பள்ளியில் பிள்ளையைச் சீண்டினால் ஆன்லைனில் புகார் கொடுப்பது எப்படி?

குடியாத்தத்தில் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். ஜூன் மாதம் சாதிச் சான்று, வருமானச் சான்றுக்கு வரும் கூட்டம் அடங்கிய பிறகு, "பையன் ஸ்கூலுக்கே போக மாட்டேங்கிறான் அக்கா, ஒரு மனு போட்டுக் கொடுங்க" என்று சிலர் வருவார்கள். அவர்களிடம் நான் முதலில் சொல்வது, பிள்ளையிடம் பேசிவிட்டு வாருங்கள் என்பதுதான். விசாரணை வந்தால் பதில் சொல்லப்போவது அவன். அவனுக்குத் தெரியாமல் மனு போகக்கூடாது.

"என் மகனைத் தொந்தரவு செய்கிறார்கள்" என்று மட்டும் எழுதினால் வேலைக்கு ஆகாது. எந்த நாள், எந்த வேளை, எந்த இடம், யார், யார் பார்த்தார்கள் என்று எழுத வேண்டும். "செவ்வாய்க்கிழமை மதியம் சைக்கிள் ஸ்டாண்டில் அதே வகுப்புப் பையன்கள் மூன்று பேர் பையைப் பிடுங்கி, அப்பாவின் தொழிலைச் சொல்லி ஏசினார்கள்" என்று இருந்தால், விசாரிக்க வருபவருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியும். சாதியைச் சொல்லித் திட்டியிருந்தால் அந்த வார்த்தையையே எழுதுங்கள், கூச்சப்பட்டு மறைக்காதீர்கள். வகுப்பாசிரியரிடம் என்றைக்குச் சொன்னீர்கள், என்ன பதில் வந்தது என்பதும் வேண்டும்.

வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராமில் வந்தது என்றால் ஆத்திரத்தில் அழித்துவிடாதீர்கள். அனுப்பியவர் பெயரும் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, அப்புறம் பிளாக் செய்யுங்கள். ஆபாசப் படமாக இருந்தால் சொந்தக்காரர்களுக்குக்கூட அனுப்பாதீர்கள், அப்படி அனுப்புவதே குற்றம். அதற்கு மத்திய அரசின் சைபர் கிரைம் தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கான தனிப் பிரிவு உண்டு. பெயர் சொல்லாமலும் அங்கே புகார் தரலாம்.

பள்ளிக்குள் நடந்ததற்கு, தமிழக அரசுக்கு ஆன்லைனில் மனு கொடுக்கும் 'முதல்வரின் முகவரி' தளம். செல்போனுக்கு வரும் ஓடிபியைப் போட்டு உள்ளே போய், துறையில் பள்ளிக் கல்வியைத் தேர்ந்தெடுங்கள். மாவட்டத்தைத் தேர்ந்தெடுப்பதில் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். 2019-இல் வேலூர் மூன்றாகப் பிரிந்துவிட்டது. ஆம்பூர், வாணியம்பாடி இப்போது திருப்பத்தூர் மாவட்டம். ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் ராணிப்பேட்டை மாவட்டம். பழக்கத்தில் வேலூர் என்று போட்டால் மனு வேறு அலுவலகத்தைச் சுற்றிவிட்டு வரும்.

பலத்த அடி, பாலியல் சீண்டல், "செத்துப்போகிறேன்" என்ற பேச்சு, இதற்கெல்லாம் மனு எழுதிக்கொண்டிருக்காதீர்கள். உடனே குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள். இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். காவல் நிலையத்துக்கு நேராகவும் போகலாம். பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். பள்ளிக் கல்வித் துறைக்கென்று 14417 என்ற உதவி எண்ணும் இருக்கிறது.

மனு எண் எஸ்எம்எஸ்ஸில் வரும், பத்திரமாக வையுங்கள். ஒன்றும் நடக்காமலே மனுவை முடித்துவிட்டால், பழைய எண்ணைக் குறிப்பிட்டு மறுபடியும் போடுங்கள். அப்படியும் நகரவில்லையென்றால் இரண்டு நகல் எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் (வேலூர் மாவட்டத்துக்கு சத்துவாச்சாரியில்) குறைதீர்வுக் கூட்டத்துக்குப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.