பனி விடுற நேரத்துல யார் எப்போ விதைக்கணும்

நாங்க நாலு பேரு, நாலு ஊரு. நான் டொரன்டோ பக்கம் ஸ்கார்பரோ, அக்கா ஒருத்தவங்க சென்னைல மொட்டைமாடி தோட்டம், ஒரு தம்பி ஊட்டி, இன்னொரு ஃப்ரெண்டு மெல்போர்ன். மாசி பொறந்தா அக்கா புடலங்கொடி பந்தல்ல ஏறிடுச்சுன்னு போட்டோ அனுப்புவாங்க, இங்க என் ஜன்னலுக்கு வெளிய ஸ்னோ குவிஞ்சு கிடக்கும். முதல் வருஷம் அத பாத்த ஆசையில ஏப்ரல்லயே தக்காளி நாத்த தரையில நட்டுட்டேன், ஒரே ராத்திரி உறைபனி, காலைல போய் பாத்தா இலையெல்லாம் வெந்த கீரை மாதிரி கருத்து தொங்குது. அழுகையே வந்துடுச்சு.

அதனால ஃப்ரெண்டு விதைச்ச தேதிய அப்படியே எடுத்துக்காதீங்க. ராத்திரி எத்தனை டிகிரி, மண்ண தொட்டா சில்லுனு இருக்கா, இத கேளுங்க.

குளிர் நாட்டுல இருக்கவங்க கடைசி உறைபனி எப்போன்னு பாத்து அதுலருந்து பின்னாடி எண்ணணும். டொரன்டோவுல பலபேரு விக்டோரியா டே, அதாவது மே 25க்கு முந்தின திங்கள் வரைக்கும் காத்திருப்பாங்க. மிளகாய், கத்திரி அதுக்கு 8-10 வாரம் முன்னாடியே வீட்டுக்குள்ள போடணும், தக்காளி 6-8 வாரம், பாகல் புடலை 3-4 வாரம் போதும், அதுங்க வேர தொந்தரவு பண்ணா பிடிக்காது, பேப்பர் கப்புல போட்டு கப்போடவே நடுங்க. மிளகாய்க்கு 25-30 டிகிரி சூடு வேணும், நான் ஈர டிஷ்யூல மடிச்சு ஜிப் கவர்ல போட்டு ஃப்ரிட்ஜ் மேல வச்சிடுவேன், வெள்ளையா ஒரு நூல் எட்டிப் பாத்ததும் மண்ணுக்கு மாத்திடணும், விட்டா வேர் டிஷ்யூக்குள்ள போய் பின்னிக்கும், பிரிக்கும்போது ஒடஞ்சிடும். வெளிய நடுறதுக்கு முன்னாடி ஒரு வாரம் பத்து நாள் வெயில பழக்கணும், முதல் நாள் நிழல்ல ஒரு மணி நேரம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க.

சென்னைக்காரங்களுக்கு பிரச்சினையே வேற, அவங்க வெயிலோட ஓட்டப்பந்தயம். மாசியிலயே வெண்டை, கொத்தவரை, சுரை, வெள்ளரி போட்டுடுங்க. தக்காளி மட்டும் இப்ப புதுசா ஆரம்பிக்காதீங்க, பகல் 35 தாண்டி ராத்திரியும் புழுங்குச்சுன்னா பூவெல்லாம் கொட்டிடும். பங்குனிக்குள்ள 50 சதவீத நிழல் வலை கட்டிட்டு, தொட்டி மண்ணு மேல காஞ்ச இலைய கனமா பரப்புங்க.

ஊட்டி தம்பிக்கு பிப்ரவரிலயும் உறைபனி பயம் உண்டு. சாயங்காலமே மண்ண லேசா நனைச்சிடுவான், ஈர மண்ணு சூட்ட புடிச்சு வச்சிக்கும், பழைய வேட்டிய குச்சி நட்டு மேல போட்டு மூடுவான், துணி இலைல ஒட்டக்கூடாது, விடிஞ்சதும் எடுத்துடணும்.

மெல்போர்ன்ல நமக்கு தலைகீழ். மாசில அங்க கோடை முடியுது, காலிஃபிளவர் நாத்து நடுற நேரம். அங்க தக்காளி நடுறதுக்கு கணக்கு மெல்போர்ன் கப்னு ஒரு குதிரைப் பந்தயம் நடக்குற நாள், நவம்பர் முதல் செவ்வாய். அதனால நாங்க இப்ப அனுப்புற மெசேஜ மெல்போர்ன் ஃப்ரெண்டு ஆகஸ்ட் வரைக்கும் சேத்து வச்சிடுவான்.

ஒன்னு விட்டுட்டேன், கறிவேப்பிலை. குளிர்ல இலை கொட்டி குச்சியா நின்னா செத்துப்போச்சுன்னு தூக்கிப் போட்டுடாதீங்க. நகத்தால தண்ட லேசா கீறிப் பாருங்க, உள்ள பச்சையா இருந்தா உயிர் இருக்கு, தண்ணிய குறைச்சு ஜன்னல் வெளிச்சத்துல வைங்க. என்னோடதுல நேத்துதான் கடுகு சைஸ்ல ஒரு துளிர் வந்திருக்கு, அக்காவுக்கு போட்டோ அனுப்பிட்டேன்.