போக்கர்: ஜெயித்த ஆட்டத்தில் ஒளிந்திருக்கும் தவறு

டெக்சாஸ் ஹோல்டெம் என்ற போக்கர் வகையில் எந்தக் கை (சீட்டுச் சேர்க்கை) எதைவிடப் பெரியது, யார் முதலில் பேச வேண்டும் என்பதெல்லாம் ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும். அந்த வாரத்துச் சறுக்கல்களை விட்டுவிடலாம். ஆறு மாதம் ஆடிய பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கும் தவறுகள் வேறு. மேசைக்குப் புதிதாக வருகிறவர்கள் அவற்றையே மறுபடி மறுபடி செய்கிறார்கள்.

விளைவைப் பார்த்துத் தீர்மானத்துக்கு மார்க் போடுவது

நாம் எடுப்பதும் முடிவு, கடைசியில் கிடைப்பதும் முடிவு. தமிழில் சொல் ஒன்றுதான். போக்கரில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவரின் ஆட்டம் எத்தனை வருடம் போனாலும் தேறாது.

ஒரு கணக்கு. டர்ன், அதாவது மேசையில் வைக்கும் நான்காவது பொதுச் சீட்டு, திறந்தாயிற்று; ஐந்தாவதான ரிவர் மட்டும் பாக்கி. உங்கள் கையில் இரண்டு ஆர்ட்டின், மேசையில் இரண்டு ஆர்ட்டின். இன்னொன்று விழுந்தால் ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு). பாட், அதாவது நடுவில் சேர்ந்த பந்தயத் தொகை, 1000 சிப்; எதிராளி இன்னொரு 1000 வைக்கிறார். நீங்களும் அதே 1000 போட்டால் (இதுதான் கால்) கிடைக்கக்கூடியது 2000. ஆகவே மூன்றில் ஒரு முறையாவது ஜெயித்தால்தான் கட்டுப்படியாகும். நீங்கள் பார்க்காத சீட்டு 46, அதில் ஆர்ட்டின் 9. அதாவது 19.6%. இதே இடத்தில் 46 முறை கால் செய்தால் 9 முறை 2000 வீதம் 18,000 வரும். 37 முறை 1000 வீதம் 37,000 போகும். ஒவ்வொரு காலுக்கும் சராசரியாக 413 சிப் நஷ்டம்.

ரிவரில் ஆர்ட்டின் விழுந்துவிட்டால் ஆடியவருக்கு இந்த 413 கண்ணில் படாது. "எனக்குத் தோணுச்சு, வரும்னு" என்பார். பக்கத்தில் இருப்பவர்களும் முதுகில் தட்டிக்கொடுப்பார்கள். அடுத்த வாரம் அதே கால், அடுத்த மாதமும் அதே கால். தோற்ற தவறைத் திருத்திவிடலாம். ஜெயித்த தவறோ திறமை என்ற பெயரில் உள்ளே குடியேறிவிடுகிறது. பார்க்கப் பார்க்க எரிச்சல் வருவது இதில்தான்.

"ஃப்ளஷ் விழுந்தால் ரிவரில் இன்னும் வாங்கலாமே" என்பது நியாயமான கேள்வி. அதையும் கணக்கிடுங்கள். நஷ்டமில்லாமல் இருக்க, ஜெயிக்கும் ஒவ்வொரு முறையும் உங்களுக்கு 4111 வர வேண்டும். 2000 ஏற்கெனவே பாட்டில் இருக்கிறது. மீதி 2111 சராசரியாக ரிவரில் வர வேண்டும். எதிராளியிடம் 1500 சிப்தான் மிச்சமென்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. 5000 இருந்தாலும், மேசையில் மூன்றாவது ஆர்ட்டின் விழுந்ததைப் பார்த்த பிறகு அவர் 2111 கொடுப்பாரா? உங்கள் ஃப்ளஷ் சிறியதாக இருந்து, அவரிடம் பெரிய ஃப்ளஷ் இருந்தால்?

அமெரிக்கப் போக்கர் ஆட்டக்காரர் டாயில் பிரன்சன் 1976, 1977 இரண்டு ஆண்டுகளிலும் உலகத் தொடர் போக்கரின் முதன்மைப் போட்டியை வென்றார். இரண்டு முறையும் கடைசிக் கை 10-2. இரண்டிலும் பின்தங்கியிருந்து ஃபுல் ஹவுஸ் (ஒரே எண்ணில் மூன்று, இன்னொரு எண்ணில் இரண்டு) விழுந்துதான் தப்பினார். அந்தக் கைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஆனால் 10-2 அன்றும் பலவீனமான கைதான், இன்றும் அப்படித்தான். அவர் பெயரைச் சொல்லி அதை எடுத்து ஆடுகிறவர்கள் விளைவைத்தான் படித்திருக்கிறார்கள்.

இதே நோய் எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். ஜோடி ஏஸுக்கு எதிரே ஜோடி ராஜா, ஃப்ளாப்புக்கு (முதல் மூன்று பொதுச் சீட்டுக்கு) முன்பே ஆல்-இன் (இருக்கும் சிப் எல்லாவற்றையும் வைப்பது) என்றால் ஏஸ் ஜெயிப்பது சுமார் 82%. நூற்றில் பதினெட்டு முறை தோற்பது இயல்பு. அப்படி ஒருமுறை தோற்றவர் அடுத்த ஏஸ் ஜோடியை ரெய்ஸ் செய்ய (பந்தயத்தை ஏற்ற) பயந்து சும்மா கால் செய்கிறார். நாலு பேர் உள்ளே வருகிறார்கள். ஏதோ ஒரு கையோடு வரும் ஒருவருக்கு எதிராக 85% இருந்த பலம், நால்வருக்கு எதிராக 56% ஆகிறது. ஏற்றி ஆடாததால் பாட்டும் சிறியது.

திருத்தும் வழி ஒரு நோட்டு. ஆட்டம் முடிந்ததும் குழப்பிய மூன்று கைகளை எழுதுங்கள்: உட்கார்ந்த இடம், இருவரின் சிப், பாட், பெட், எதிராளியிடம் என்னென்ன இருக்கலாம் என்று நினைத்தீர்கள், என்ன செய்தீர்கள், ஏன். ரிவரில் என்ன விழுந்தது, யார் ஜெயித்தார் என்பதை மட்டும் எழுதாதீர்கள். மறுநாள் கணக்குப் போடுங்கள். நன்றாக ஆடும் ஒருவரிடம் காட்டும்போதும் முடிவைச் சொல்லாமல் காட்டுங்கள். சொன்னால் அவர் பதிலும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

எதிராளியிடம் ஒரே கையைக் கற்பனை செய்வது

உங்களிடம் ஜோடி ராணி. எதிராளி மறுபடி ரெய்ஸ் செய்கிறார். "ஏஸ்தான்" என்று முடிவு கட்டாதீர்கள். ஜோடி ஏஸ் 6 விதத்தில் வரும், ஜோடி ராஜா 6 விதம், ஏஸ்-ராஜா 16 விதம். இந்த மூன்றோடு மட்டும் அவர் அப்படி ஆடுவார் என்றால், 28-ல் 16 முறை அந்த நேரத்தில் நீங்கள்தான் முன்னால். ஐந்து சீட்டும் விழுந்த பிறகு ஜெயிப்பது ஏறக்குறைய 40%. பாட் அதற்குக் கட்டுப்படியாகிறதா என்பதே கேள்வி.

கால் மட்டுமே தெரிந்தவரிடம் பிளஃப் (பலவீனமான கையோடு மிரட்டுவது)

வேண்டாம்.

ஒரு மாதத்தை வைத்துத் தன்னை அளப்பது

100 ஆட்டத்துக்கு 5 பெரிய பிளைண்ட் (சீட்டைப் பார்க்குமுன் கட்டாயமாக வைக்கும் தொகை) சம்பாதிப்பவர் நல்ல ஆட்டக்காரர். நோ-லிமிட்டில் (பந்தயத்துக்கு வரம்பில்லாத ஆட்டத்தில்) அதே 100 ஆட்டத்தின் ஏற்ற இறக்கம் 80 முதல் 100 பிளைண்ட். 10,000 ஆட்டத்தில் அவர் எதிர்பார்க்கும் லாபம் 500. ஏற்ற இறக்கமோ 800 முதல் 1000. அவ்வளவு ஆடிய பிறகும் நல்லவர் நஷ்டத்திலும் மோசமானவர் லாபத்திலும் இருக்கலாம். நோட்டில் உள்ள கைகள்தான் அதற்கு முன்பே உங்கள் நிலையைச் சொல்லும்.

பெரிய பாட்டைத் தோற்ற கையோடு அடுத்த ஆட்டம்

ஒரு சுற்று எழுந்து நில்லுங்கள்.