மெய்நிகர் சாதனத்தின் பின்முனை தன்னைத் தானே விவரிக்கும் நெறிமுறையை வடிவமைப்பது எப்படி

மெய்நிகர் கணினிகளை இயக்கும் கியூஎமு (QEMU) மென்பொருள், விஹோஸ்ட்-யூசர் (vhost-user) நெறிமுறை வழியே ஒரு சாதனத்தின் வேலையைத் தனி நிரல் ஒன்றிடம் ஒப்படைக்க முடியும்; அந்தத் தனி நிரல் பின்முனை, கியூஎமு முன்முனை. கியூஎமு தரும் விஹோஸ்ட்-யூசர் பொதுச் சாதனத்தை மெய்நிகர் கணினியில் இணைப்பவர், விர்ட்டியோ (மெய்நிகர் சாதனங்களுக்கான தரநிலை) சாதன எண், தரவைப் பரிமாறும் வரிசைகளின் எண்ணிக்கை, சாதனத்தின் அமைப்பு விவரங்கள் இருக்கும் உள்ளமைவுப் பகுதியின் அளவு ஆகிய மூன்றையும் கட்டளை வரியில் தாமே எழுதித் தர வேண்டியிருக்கிறது. சாக்கெட்டின் மறுமுனையில் காத்திருக்கும் பின்முனை நிரலுக்கோ இம்மூன்றும் முன்பே தெரியும். தெரிந்தவரிடம் கேட்காமல் தெரியாதவரை எழுதச் சொல்லும் இடத்தில்தான் பிழை நுழைகிறது. மின் இணைப்புகளைக் கட்டுப்படுத்தும் ஜிபிஐஓ (GPIO) சாதனத்தின் உள்ளமைவுப் பகுதி 8 பைட் கொண்டது. அதை 4 என்று தவறாகக் கொடுத்துவிட்டால், இணைப்புகளின் பெயர்ப்பட்டியல் எவ்வளவு நீளமானது என்பதைச் சொல்லும் கடைசி 4 பைட், மெய்நிகர் கணினியில் ஓடும் விருந்தினர் இயக்கமுறைமைக்கு எட்டாமலே போகும்.

எனவே வடிவமைப்பை செய்திகளிலிருந்து தொடங்க வேண்டாம். எந்தத் தகவல் யாருக்குச் சொந்தம் என்பதை வரையறுப்பதிலிருந்து தொடங்குங்கள். சாதனத்தின் வகை, அது பயன்படுத்தும் வரிசைகள், உள்ளமைவுப் பகுதியின் அளவு, அது வழங்கும் அம்சங்கள் (ஏற்கவோ விடவோ கூடிய திறன்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பிட்) ஆகியவை பின்முனைக்கு உரியவை. சாதனம் பிசிஐ பாட்டை வழியாகத் தெரிகிறதா, நினைவக முகவரிகள் மூலம் அணுகும் எம்எம்ஐஓ வழியாகத் தெரிகிறதா, விருந்தினரின் நினைவகம் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது, குறுக்கீடுகள் எங்கே சென்று சேர்கின்றன என்பவை முன்முனைக்கு உரியவை. இவற்றைப் பற்றிப் பின்முனை எதையும் அறிவிக்கக் கூடாது, அறிந்திருக்கவும் தேவையில்லை. எல்லைக்கோட்டில் நிற்கும் தகவல்களும் உண்டு. வெளிக் கணினியின் அடைவை விருந்தினருடன் பகிரும் விர்ட்டியோ-எஃப்எஸ் சாதனத்தில், விருந்தினர் கோப்பு முறைமையை ஏற்றுவதற்குப் பயன்படுத்தும் 36 பைட் அடையாளப் பெயர் உள்ளமைவுப் பகுதியிலேயே இருக்கிறது. ஆனால் அதைக் கியூஎமுவின் கட்டளை வரியில் கொடுக்கும் வழக்கமே முதலில் ஏற்பட்டது. இத்தகைய ஒவ்வொரு புலத்துக்கும் உரியவர் ஒருவர் மட்டுமே என்று ஆவணத்தில் எழுதிவிடுங்கள். இருவரும் தரலாம் என்று விட்டுவைத்தால், இரண்டும் முரண்படும் நாளில் எது சரி என்று சொல்ல எவராலும் இயலாது.

அடுத்து, விவரம் தேவைப்படும் வேளைகள் இரண்டு என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். முதலாவது, மெய்நிகர் கணினி தொடங்குவதற்கு முன்பு. அப்போது கேட்பது, மெய்நிகர் கணினிகளை அமைத்து இயக்கும் லிப்விர்ட் போன்ற மேலாண்மை அடுக்கு. எந்த நிரலைத் தேர்ந்தெடுப்பது, அதற்கு எந்த விருப்பத்தேர்வுகளைக் கொடுக்கலாம் என்பதே அதன் கேள்வி. இதற்குக் கியூஎமு ஆவணங்களில் நல்ல மரபு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. பிரிண்ட்-கேபபிலிட்டீஸ் என்னும் விருப்பத்தேர்வுடன் அழைக்கப்பட்டால், பின்முனை நிரல் தன் வகையையும் அம்சங்களையும் ஜேசன் (JSON) என்னும் உரை வடிவில் வெளியிட்டுவிட்டு வெற்றிகரமாக முடிய வேண்டும். உடன் வரும் பிற விருப்பத்தேர்வுகளைப் பொருட்படுத்தவும் கூடாது, தன் வழக்கமான வேலையைத் தொடங்கவும் கூடாது. ஒரு வரைகலைப் பின்முனை விர்ஜிஎல் (முப்பரிமாண வரைகலை) என்னும் அம்சத்தை அறிவித்தால், அதே பெயரிலான விருப்பத்தேர்வை அது ஏற்கும் என்று பொருள். நிரல் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லும் சிறு ஜேசன் கோப்புகள் தனி அடைவுகளில் வைக்கப்படுகின்றன; முன்னுரிமை மிக்க அடைவில் அதே பெயரில் வெற்றுக் கோப்பு ஒன்றை வைத்தால் கீழுள்ளது மறைக்கப்படும். இந்த மரபை அப்படியே பின்பற்றுங்கள். வட்டுக் கோப்பைத் திறக்காமல், ஜிபியுவை (வரைகலைச் செயலியை) தொடாமல், சிறப்பு உரிமை எதுவும் இல்லாமல் பதில் சொல்ல முடிவதே இதன் சிறப்பு.

இரண்டாவது வேளை, சாக்கெட் இணைந்த பிறகு. இங்கே கேட்பது முன்முனை. முதல் வேளையின் பதில் நிரலைப் பற்றியது. இப்போது வரும் பதிலோ ஓடிக்கொண்டிருக்கும் இந்த ஒரு சாதனத்தைப் பற்றியது. முன்னதில் படித்ததைப் பின்னதற்கு ஆதாரமாகக் கொள்ளக் கூடாது.

விஹோஸ்ட்-யூசர் செய்தி ஒவ்வொன்றும் கோரிக்கை எண், கொடிகள், அளவு என்னும் மூன்று 32 பிட் எண்களால் ஆன 12 பைட் தலைப்புடன் தொடங்குகிறது. விவரத்தைக் கேட்பதற்கு ஒரே ஒரு புதிய செய்தி போதும் என்பது என் கருத்து. பதிலில் நான்கு 32 பிட் எண்கள் இருக்கட்டும்: சாதன எண், உள்ளமைவுப் பகுதியின் அளவு, குறைந்தபட்ச வரிசைகள், அதிகபட்ச வரிசைகள். சிறு சில்லுகளை இணைக்கும் ஐ2சி சாதனத்துக்கு அது 34, 0, 1, 1 என்று அமையும். ஜிபிஐஓ சாதனத்துக்கு 41, 8, 1, 2 என்று அமையும். அதன் இரண்டாவது வரிசை குறுக்கீட்டு அம்சம் ஏற்கப்பட்டால் மட்டுமே தேவைப்படுவதால்தான் குறைந்தபட்சமும் அதிகபட்சமும் தனித்தனியே வேண்டியிருக்கின்றன. பெயரையும் பதிப்பு எண்ணையும் சேர்க்கும் ஆவல் எழும், சேர்க்காதீர்கள். அவை வந்துவிட்டால், யாரேனும் ஒருவர் அவற்றை ஒப்பிட்டு முடிவெடுக்கும் நிரலை எழுதியே தீருவார்.

அறியாத செய்தியைப் பெறும் பழைய பின்முனை இணைப்பையே துண்டித்துவிடக்கூடும். ஆகவே புதிய செய்தியை ஒரு நெறிமுறை அம்ச பிட்டுக்குப் (இருமுனைகளும் தங்களுக்குள் ஒப்புக்கொள்ளும் திறனைக் குறிக்கும் பிட்) பின்னால் வையுங்கள். விஹோஸ்ட்-யூசரில் 30-ஆவது அம்ச பிட் இருந்தால்தான் நெறிமுறை அம்சங்களைப் பற்றிப் பேசவே முடியும்; அந்தப் பிட் இருமுனைகளுக்கும் இடையேயானது, அதை விருந்தினருக்குக் காட்டிவிடாமல் முன்முனை நீக்கிவிட வேண்டும். புதிய பிட்டின் பொருளையும் துல்லியமாக எழுதுங்கள். பழைய பின்முனைகளில் பல சாதனத்தின் ஒரு பகுதியை மட்டுமே செய்கின்றன. கியூஎமுவுடன் இணையும் வலைப் பின்முனையில், கட்டுப்பாட்டு வரிசையைக் கையாள்வது கியூஎமுவே. "என்னால் விவரம் சொல்ல முடியும்" என்பதும் "சாதனம் முழுவதையும் நானே நடத்துகிறேன்" என்பதும் வேறு வேறு உறுதிமொழிகள். பொதுச் சாதனம் ஒன்று நம்பக்கூடியது இரண்டாவதை மட்டுமே. அந்தப் பொருளையே பிட்டுக்குக் கொடுங்கள்.

உள்ளமைவுப் பகுதியின் அளவு எளிய எண் போலத் தோன்றினாலும் அதில் கூடுதல் கவனம் தேவை, ஏனெனில் விர்ட்டியோவில் அப்பகுதி காலப்போக்கில் வளர்கிறது. விர்ட்டியோ-எஃப்எஸ்ஸில் அடையாளப் பெயரும் கோரிக்கை வரிசைகளின் எண்ணிக்கையும் சேர்ந்து 40 பைட். அறிவிப்பு அம்சம் ஏற்கப்பட்டால் மேலும் 4 பைட்டுக்குப் பொருள் உண்டு. பின்முனை தான் வழங்கும் அம்சங்கள் அனைத்துக்கும் போதுமான அளவை அறிவிக்க வேண்டும், எந்த பைட்டுக்குப் பொருள் உண்டு என்பதை ஏற்கப்பட்ட அம்சங்களே தீர்மானிக்க வேண்டும் என்று விதி வகுத்தால் குழப்பம் வராது. விவரிப்பும் பேச்சுவார்த்தையும் இவ்வாறு பிரிந்தே நிற்கட்டும்.

முன்முனை, பின்முனை சொன்னதை ஆராயாமல் ஏற்கக் கூடாது. குறைந்தபட்ச வரிசை அதிகபட்சத்தைவிடப் பெரிதாக இருந்தாலும், கியூஎமுவின் உச்சவரம்பான 1024 வரிசைகளைத் தாண்டினாலும், விஹோஸ்ட்-யூசர் உள்ளமைவுச் செய்திக்குக் கியூஎமு அனுமதிக்கும் 256 பைட்டை மீறினாலும் இணைப்பை மறுத்து, எந்த எண் ஏன் மறுக்கப்பட்டது என்பதைப் பிழைச்செய்தியில் எழுத வேண்டும். எண்ணைத் தானாகக் குறைத்துக்கொண்டு தொடர்வது உதவி போலத் தெரிந்தாலும், அப்போது விருந்தினர் காணும் சாதனம் எவரும் அறிவிக்காத ஒன்றாகிவிடும்.

விருந்தினர் சாதனத்தைக் கண்ட பிறகு விவரம் மாறவே கூடாது. பின்முனை செயலிழந்து மீண்டும் இணையும்போது முன்முனை அதே கேள்வியைக் கேட்டு, நான்கு எண்களையும் வழங்கப்பட்ட அம்சங்களையும் தான் சேமித்துவைத்த முதல் பதிலுடன் ஒப்பிட வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் நிரல் மேம்படுத்தப்பட்டு அளவு 40-இலிருந்து 44 ஆகியிருந்தால், ஓடும் விருந்தினருக்கு அந்தப் புதிய 4 பைட்டைக் காட்ட வழியில்லை. உயிருடன் இடம்பெயர்த்தலிலும் (ஓடும் மெய்நிகர் கணினியை வேறு இயந்திரத்துக்கு மாற்றுவதிலும்) இதே நிலைதான்: மூல இயந்திரத்தின் விவரத்தை இடம்பெயர்வுத் தரவிலேயே சேர்த்து அனுப்பி, இலக்கு இயந்திரம் சாதன நிலையை ஏற்றுவதற்கு முன்பே ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் அங்கேயே நிறுத்த வேண்டும். அப்போது விருந்தினர் மூல இயந்திரத்திலேயே தொடர்ந்து ஓடிக்கொண்டிருப்பார்.

சோதனைகளைப் பின்முனையிலிருந்தே தொடங்குங்கள். இல்லாத வட்டுக் கோப்பின் பாதையைக் கொடுத்து பிரிண்ட்-கேபபிலிட்டீஸுடன் இயக்குங்கள். ஜேசன் சரியாக வந்து, நிரல் வெற்றியுடன் முடிய வேண்டும். பிறகு அதையே உண்மையாக இயக்கி, சாக்கெட் வழியே வரும் சாதன எண் ஜேசனில் சொன்ன வகையுடன் பொருந்துகிறதா என்று பாருங்கள். புதிய பிட்டை அறியாத பழைய பின்முனை ஒன்றைப் புதிய முன்முனையுடனும், புதிய பின்முனையைப் பழைய முன்முனையுடனும் இணைத்துப் பார்ப்பதையும் தவிர்க்க வேண்டாம். அவ்விரு இணைப்புகளிலும் புதிய செய்தி ஒருமுறைகூட அனுப்பப்படாதிருக்க வேண்டும், கட்டளை வரியில் எண்களைத் தரும் பழைய முறை முன்போலவே வேலை செய்ய வேண்டும்.