நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்தில் மூன்று நாள்: மாணவர் தொண்டுக் குழுக்களுக்கு

யாழ்ப்பாணத்துத் தீவுகளில் சனம் வாழும் மிகத் தொலைவான தீவு நெடுந்தீவு. வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் தெரு இருக்கிறது. நெடுந்தீவுக்குக் கடல்தான் வழி. யாழ்ப்பாணத்தில் 776 பேருந்தில் ஏறினால் பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவான் இறங்குதுறையில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதனால் நிகழ்ச்சி நிரலை எழுதிவிட்டுப் படகு தேடாதீர்கள். முதலில் படகு நேரத்தை எழுதுங்கள், மிஞ்சுகிற நேரம்தான் உங்கள் நிகழ்ச்சி.

நேரங்கள் காலநிலைக்கும் படகின் பழுதுக்கும் ஏற்ப மாறும். முதல் நாள் மாலை தீவிலுள்ள ஓர் ஆசிரியரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். குறிகட்டுவானில் நயினாதீவுப் படகும் அதே துறையில்தான் கட்டும். பெட்டிகளோடு மாறி ஏறுவது சிரிப்புக்குரிய கதையல்ல, அரை நாள் போய்விடும். நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழா நடக்கும் ஆனி மாதத்தில் பேருந்திலும் துறையிலும் நிற்க இடம் கிடைக்காது.

மாதத் தெரிவு இன்னும் முக்கியம். வைகாசியில் தொடங்கிப் புரட்டாசி வரை சோளகம் என்கிற தென்மேல் காற்று அடிக்கும். ஐப்பசி முதல் மார்கழி வரை வாடையும் மழையும். கடல் அடங்கிக் கிடப்பது மாசி, பங்குனி, சித்திரை. அதற்குள்ளும் கச்சதீவு அந்தோனியார் திருவிழா வரும் நாட்களைத் தவிருங்கள், தீவுச் சனத்தில் பலர் அங்கே போய்விடுவார்கள். தவணைப் பரீட்சை வாரமும் வேண்டாம். எந்த மாதமானாலும் திரும்பும் நாளுக்குப் பின் ஒரு நாளைச் சும்மா வைத்திருங்கள். ஞாயிறு மாலை தீவை விட்டு வெளிக்கிட்டுத் திங்கள் காலை பரீட்சை எழுதலாம் என்று நினைக்கிற ஒருவர் குழுவில் இருந்தால், அவரை இந்தமுறை விட்டுவிட்டுப் போவது நல்லது.

அனுமதிக்கு ஆறு வாரம் ஒதுக்குங்கள். முதல் ஆள் அதிபர். அவரோடு கதைத்துப் பாடசாலைக்கு என்ன தேவை என்று கேட்ட பிறகே கடிதம் எழுதுங்கள். பிறகு தீவக வலயக் கல்விப் பணிப்பாளருக்கு விண்ணப்பம்: போவோரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், பொறுப்பான விரிவுரையாளர், திகதி, நடத்தப்போகும் பாடங்கள், தங்குமிடம். வகுப்பறையில் தங்குவதானால் அதைத் தனியாகக் குறிப்பிட்டு அனுமதி கேளுங்கள். பெண்களுக்கு வேறு அறை வேண்டும், அருகே ஓர் ஆசிரியை தங்குவதற்கும் ஏற்பாடு வேண்டும். வார இறுதி என்றால் பெற்றோரின் சம்மதக் கடிதமும் தேவை. ஞாயிறு காலை பூசைக்குப் பிள்ளைகள் போவார்கள். எட்டு மணிக்கு வகுப்பு வைத்துவிட்டு “ஆர்வம் இல்லை” என்று அறிக்கை எழுதும் குழுக்கள் இதைத்தான் கேட்க மறந்தவை.

குழுவுக்கு 14 பேர் காணும். பத்துப் பிள்ளைக்கு இரண்டு பேர் என்று பிரித்தால் ஐந்து வகுப்புக்குப் பத்துப் பேர், மற்ற நான்கு பேர் சமையலுக்கும் பொருட்களுக்கும். நாற்பது பேர் போனால் ஊரின் தண்ணீரைக் குடித்து, ஊரின் மலசலகூடத்தை நிறைத்துவிட்டு வருவதுதான் நடக்கும்.

தண்ணீர் விஷயத்தில் கவனம். தீவு சுண்ணாம்புக்கல்லாலானது. மழைநீர் கல்லுக்குள் இறங்கி, கீழே கிடக்கும் கடல்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. நல்ல தண்ணீர்க் கிணற்றில் மோட்டர் போட்டு வேகமாக இறைத்தால் அடியில் உள்ள சவர் (உப்புநீர்) மேலே ஏறிவிடும், பிறகு நாட்கணக்கில் இறங்காது. ஆகவே வாளியால் அள்ளுங்கள், அதுவும் அதிபர் காட்டும் கிணற்றில் மட்டும். குடிக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லீற்றர் வைத்தால் 14 பேருக்கு மூன்று நாளுக்கு 126 லீற்றர். 19 லீற்றர்ப் போத்தல் ஏழு. சவர்த் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது. கூடுதலாகப் போட்டுத் தேய்ப்பதில் பலனில்லை, ஷாம்பூ கொஞ்சம் பரவாயில்லை.

இதையே பாடமாகவும் நடத்தலாம். கண்ணாடித் தம்ளரில் பாதிக்குக் கடல்நீர் எடுத்து இரண்டு துளி நிறம் சேருங்கள். அதன் மேல் ஒரு கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, கரண்டியின் முதுகில் நல்ல தண்ணீரை மெதுவாக வழியவிடுங்கள். இரண்டு படை தெளிவாகத் தெரியும். ஊசியில்லாத 10 மில்லிலீற்றர் சிரிஞ்சை மேற்பரப்பில் மட்டும் தொட்டு மெல்ல இழுத்தால் தெளிந்த நீர் வரும். நுனியை எல்லைக்குச் சற்று மேலே வைத்து வெடுக்கென்று இழுத்தால் நிறமும் கூடவே வரும். கையோடு ஊற்றினால் கலந்துவிடும், பத்தில் ஒன்பது தடவை கெடுவது இங்கேதான். கடற்கரைக்குப் போக நேரமில்லாவிட்டால் 250 மில்லிலீற்றர் தண்ணீரில் ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு. தங்கள் வீட்டுக் கிணற்றின் கதை என்பதால் பிள்ளைகள் உங்களை விட அதிகம் சொல்வார்கள், இடைமறிக்காதீர்கள்.

மின்சுற்று செய்வதானால் மூன்று பேருக்கு ஒரு தொகுதி: ஏஏ பற்றரி இரண்டு, சின்ன டோர்ச் பல்ப் ஒன்று, வயர் இரண்டு. 30 பிள்ளைக்குப் பத்துத் தொகுதியோடு மேலதிகமாக நான்கு பல்ப். இரும்புக் கவ்விகள் உப்புக் காற்றில் துருப்பிடித்து அடுத்த தவணைக்கே உதவாது. செப்பு வயரை முறுக்கிக் கட்டப் பழக்குங்கள்.

புத்தகம் கொடுக்கிறவர்கள் கவனிக்க: பாடநூலை அரசாங்கமே இலவசமாகக் கொடுக்கிறது, அதைச் சுமக்க வேண்டாம். உங்கள் வீட்டு அலுமாரியில் கழித்துவிட்ட பழைய ஆங்கில நாவல்களும் வேண்டாம். தரம் 3 முதல் 8 வரையான பிள்ளைகள் வாசிக்கக்கூடிய நூறு தமிழ்ப் புத்தகம், ஒரு பதிவேடு, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி மூன்று. கம்பி குத்திய மெல்லிய புத்தகங்களில் கம்பி துருப்பிடித்து நடுத்தாளைத் தின்றுவிடும். போகுமுன்னரே கம்பியைக் கழற்றி நூலால் தையுங்கள். பெட்டியைச் சுவரில் ஒட்டாமல் ஒரு சாண் தள்ளிக் கல்லின் மேல் வைத்தால் கறையானை நேரத்தோடு காணலாம்.

சுமை கட்டும் முறை: எந்தப் பெட்டியும் 15 கிலோவைத் தாண்டக்கூடாது. படகு ஆடும்போது துறையிலிருந்து கைமாற்றிக் கொடுக்க வேண்டியிருக்கும். உள்ளே தடித்த பொலித்தீன் பை இரட்டையாக, வெளியே இலக்கம். இலக்கப் பட்டியல் இரண்டு பேரிடம். ஆட்கள் எல்லோரும் உயிர்காப்பு அங்கி போட்டபிறகே படகு நகர வேண்டும், கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள். தலைசுற்றல் வருவோர் மாத்திரையை வெறுமனே படகில் ஏறியதும் போட்டுப் பலனில்லை, அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். வெறும் வயிறும் ஆகாது, எண்ணெய்ப் பலகாரமும் ஆகாது. பாண் துண்டு போதும். இயந்திரப் புகை வராத பக்கம், வெளிக்காற்றில், தூரத்துக் கரையைப் பார்த்தபடி இருங்கள்.

சாப்பாட்டுக்கு ஒரு வேளைக்கு 14 பேருக்கு அரிசி ஒன்றேமுக்கால் கிலோ, பருப்பு 700 கிராம். மரக்கறியைக் கொண்டுபோங்கள், மீனையும் அரிசியையும் தீவில் வாங்குங்கள். கடைக்காரரிடம் முன்கூட்டியே சொன்னால்தான் இருக்கும். கைக்காசாகக் கொண்டுபோங்கள். பெயர் அச்சிட்ட ரீ சேர்ட்டுக்கும் பதாகைக்கும் ஒதுக்கிய தொகையை இதற்குத் திருப்பினால் ஊருக்கும் பிரயோசனம்.

பிள்ளைகளோடு தனியாக ஒருவர் அறையில் இருக்கக்கூடாது, எப்போதும் இருவர். முகம் தெரியும் படம் எடுக்க அதிபரின் அனுமதி வேண்டும். பரிசுப் பொருளைக் கையில் கொடுக்காமல் பாடசாலை வழியாகக் கொடுங்கள். ஒரு பிள்ளை துன்புறுத்தல் பற்றி ஏதும் சொன்னால் குறுக்கு விசாரணை செய்யாமல் பொறுப்பாசிரியரிடம் சொல்லி, 1929 சிறுவர் பாதுகாப்பு இலக்கத்துக்கு அறிவியுங்கள். “அடுத்த மாதமும் வருவோம்” என்று சொல்லாதீர்கள், திகதி எழுதிக் கையில் இருந்தால் தவிர.

நோய் வந்தால் தீவில் பிரதேச வைத்தியசாலை உண்டு. இரவில் பெருநிலத்துக்கு மாற்றுவது எளிதல்ல. ஆகவே ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை உள்ளவர்களின் விவரமும் மருந்தும் போகுமுன் குழுத்தலைவரின் கையில் இருக்க வேண்டும்.

கடைசி நாள் படகுக்கு இரண்டு மணி நேரம் முன்பே வகுப்பை முடியுங்கள். அறை கூட்டி, மேசை கதிரையை இருந்த இடத்தில் வைத்து, பிளாஸ்டிக் குப்பையையும் செத்த பற்றரிகளையும் திரும்ப உங்கள் பெட்டியிலேயே கட்டுங்கள். கொடுத்த பொருட்களின் பட்டியலில் ஒரு பிரதி அதிபருக்கு. அதில் பல்பின் வோல்ற் அளவையும் எழுதிவையுங்கள், எரிந்துபோனால் யாழ்ப்பாணத்தில் அதே அளவில் வாங்கிப் படகில் கொடுத்துவிடலாம்.