பேய்ப் படத்தில் விசுவாசப் பாடம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிலுவை, பாதிரியார், வேத வசனம் எல்லாம் வருவதால், பேய்ப் படத்திலிருந்து விசுவாசப் பாடம் எடுப்பது சுலபம் என்று தோன்றும். எடுக்கலாம், தப்பில்லை. ஆனால் பேச்சு பெரும்பாலும் பிசாசையே சுற்றி வரும். முதல் தவறு அதுதான்.

பேய் பிடித்த ஒரு சிறுமியைப் பற்றி 1973-இல் வந்த ‘தி எக்ஸார்சிஸ்ட்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுமியின் தலை திரும்பியதும் கட்டில் குலுங்கியதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். கதையின் பாரமோ கர்ராஸ் என்ற குருவின் மேல் இருக்கிறது. அவர் மனநல மருத்துவரும்கூட. தாயின் கடைசி நாட்களில் கூட இருக்கவில்லையே என்ற குற்ற உணர்வு அவரை அரிக்கிறது. விசுவாசமே போய்விட்டதாகச் சொல்கிறார். ஆவி அந்தத் தாயின் குரலிலேயே பேசி, சரியாக அந்தப் புண்ணில் குத்துகிறது. இடையில் மூத்த குரு மெரினும் அவரும் வீட்டுப் படியில் உட்கார்ந்து பேசும் காட்சி ஒன்று உண்டு. முதலில் வெட்டப்பட்டு, 2000-இல் வெளியான பதிப்பில் திரும்பச் சேர்க்கப்பட்டது. இந்தச் சிறுமிக்கு ஏன் இப்படி என்று கர்ராஸ் கேட்கிறார். நம்மை நம்பிக்கை இழக்க வைக்கத்தான், கடவுள் நம்மை நேசிக்கக்கூடும் என்பதையே மறுக்க வைக்கத்தான் என்கிறார் மெரின். என்னைக் கேட்டால், படத்தின் இறையியல் மொத்தமும் அந்தச் சில நிமிடங்களில் இருக்கிறது.

முடிவையும் அவசரப்பட்டுப் படிக்கக் கூடாது. கர்ராஸ் ஆவியைத் தனக்குள் வரச்சொல்லி, ஜன்னல் வழியே பாய்ந்து உயிரை விடுகிறார். பிசாசு ஜெயித்துவிட்டது என்று சிலர் புரிந்துகொண்டார்கள். கதையை எழுதிய வில்லியம் பீட்டர் பிளாட்டிக்கே அது வருத்தம். தெருவில் கிடக்கும் கர்ராஸ், பாவமன்னிப்பு கொடுக்க வந்த நண்பரின் கையைப் பற்றுவதைக் கவனித்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. அதற்காக ‘கர்ராஸ்தான் இயேசு’ என்று ஒட்டவும் வேண்டாம். அவர் கோபத்தில் அந்தச் சிறுமியை அடிக்கவும் செய்கிறார். தியாகத்தின் சாயல் இருக்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம், சிலுவையைத் தாயத்து மாதிரி நினைப்பது. திரையில் அதை நீட்டினால் ஆவி அலறும். அப்போஸ்தலர் 19-ஆம் அதிகாரத்தில் ஸ்கேவா என்ற யூத ஆசாரியரின் ஏழு குமாரர்கள் பேய் ஓட்ட இயேசுவின் பெயரை அப்படித்தான் பயன்படுத்திப் பார்த்தார்கள். பேய் பிடித்தவனிடமே அடி வாங்கி, ஆடையில்லாமல் ஓடினார்கள்.

‘உண்மைச் சம்பவம்’ என்ற வரியை அப்படியே நம்புவதுதான் இருப்பதிலேயே ஆபத்து. 2005-இல் வந்த ‘தி எக்ஸார்சிசம் ஆஃப் எமிலி ரோஸ்’ படத்துக்குத் தூண்டுதல் ஜெர்மனியைச் சேர்ந்த அன்னெலீஸ் மிஷேலின் கதை. வலிப்பு நோய்க்குச் சிகிச்சை பெற்றிருந்த அவர், மாதக்கணக்கில் பேயோட்டும் சடங்குகள் நடந்த பிறகு, 1976-இல் 23 வயதில் ஊட்டச்சத்து இல்லாமல் இறந்தார். பெற்றோரும் இரண்டு குருக்களும் குற்றவாளிகள் என்று 1978-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கத்தோலிக்கத் திருச்சபையில் ஆயரின் அனுமதி இல்லாமல் எந்தக் குருவும் இந்தச் சடங்கைச் செய்ய முடியாது. படம் பார்த்த வேகத்தில், வீட்டில் மனநலம் பாதித்தவரைப் ‘பேய் பிடித்தவர்’ என்று சொல்லிவிடாதீர்கள். மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், ஜெபமும் செய்யுங்கள்.

படத்தோடு மாற்கு 5-ஆம் அதிகாரத்தையும் வாசித்துப் பாருங்கள். லேகியோன் என்ற பேய்க்கூட்டம் பிடித்திருந்த மனிதன், இயேசு அதைத் துரத்திய பிறகு, உடை உடுத்தி, புத்தி தெளிந்து உட்கார்ந்திருக்கிறான். ஊர் ஜனங்கள் பயந்தது அதைப் பார்த்துத்தான். இயேசுவையே எல்லையை விட்டுப் போகச் சொல்கிறார்கள். திரைக்கதைகள் பேய் போனதோடு முடிந்துவிடும். மாற்கு அதற்குப் பிறகும் அவனை விடாமல், வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல் என்று இயேசு அனுப்புவது வரை எழுதுகிறார்.

கடைசியாக ஒன்று: பயந்த சுபாவமுள்ளவர்களையும் சிறுவர்களையும் ‘விசுவாசம் இருந்தால் பார்க்கலாம்’ என்று வற்புறுத்தாதீர்கள். பலவீனமான மனச்சாட்சியைக் காயப்படுத்துவது கிறிஸ்துவுக்கு விரோதமான பாவம் என்று 1 கொரிந்தியர் 8-இல் பவுல் எழுதியது விக்கிரகங்களுக்குப் படைத்த உணவைப் பற்றி. இதற்கும் அது பொருந்தும். வேண்டாம் என்பவரை விட்டுவிட்டு, மற்றவர்கள் பாருங்கள்.