காஸைக் கழற்றினால் மட்டும் போதாது

போன மாதம் கிராண்ட்பாஸில் இருக்கும் எங்கள் வெல்டிங் பட்டறைக்கு ஒரு தம்பி வந்தார். கையில் ஒரு கிலோ வயர் சுருள், முகத்தில் கோபம். "அண்ணா, பழைய சோனகத் தெருவில் வாங்கினது. டூப்ளிகேட் போல இருக்கு" என்று ஃபோனில் ஒரு படத்தைக் காட்டினார். பொக்ஸ் பார் (சதுர இரும்புக் குழாய்) முழுக்கக் கடுகைக் கொட்டிய மாதிரி பொறி ஒட்டியிருந்தது. நடுவில் ஒட்டு மண்புழு போலப் புடைத்துக்கொண்டு மேலே நின்றது. இரும்புக்குள் இறங்கவே இல்லை.

நான் வயரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "பிளான்டின் பக்கக் கதவைத் திறந்து உள்ளே ரெண்டு நட்டைப் பார்த்தீங்களா தம்பி?" என்று கேட்டேன். (பிளான்ட் என்பது வெல்டிங் மெஷின்.) பார்க்கவில்லை. நானும் ஒரு காலத்தில் பார்க்கவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஹெல்மெட் போடுங்கள், கையுறை போடுங்கள், துருவைச் சுரண்டுங்கள் என்பதெல்லாம் இங்கே வராது. அது தெரியாதவர் வயர் வாங்கவே போகக் கூடாது. வயர் தானாக ஓடிவரும் மிக் பிளான்டில், ஒட்டைக் காற்றிலிருந்து காக்கும் காஸ் வைத்து, முழு இரும்பாலான சொலிட் வயரில் அடிப்பதா, காஸ் இல்லாத, உள்ளே மருந்துப் பொடி வைத்த ஃப்ளக்ஸ் கோர் வயரில் அடிப்பதா என்று முடிவெடுக்கும்போது நடக்கும் கோளாறுகளை மட்டும் சொல்கிறேன்.

வேலை எங்கே என்று பார்க்காமல் முடிவெடுப்பது

பஞ்சிகாவத்தைப் பக்கம் கராஜ் வைத்து வாகன பொடி வேலை செய்பவருக்கு காஸ்தான். தகடு மெல்லியது, வேலை சுவருக்குள், ஒட்டின் மேல் பெயின்ட் வர வேண்டும். சொலிட் வயரில் ஸ்லாக் (ஒட்டின் மேல் படியும் கசடு) கிடையாது, பொறியும் குறைவு. வீடு வீடாகப் போய் கேட், கிரில், தண்ணீர்த் தாங்கி ஸ்டாண்ட் செய்பவருக்குக் காஸ் இல்லாத வயர் தோதாக இருக்கும். நாலாம் மாடிக்குச் சிலிண்டரைத் தோளில் தூக்கிப் போனவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒரு கிலோ வயர் விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் சொலிட் வயர்தான் மலிவு. ஃப்ளக்ஸ் கோர் வயரில் ஒரு பங்கு ஸ்லாக்காகவும் புகையாகவும் போய்விடும். ஆனால் சிலிண்டருக்கான முற்பணம், ரெகுலேட்டர், அதை ஏற்றி இறக்கும் முச்சக்கரவண்டிக் கூலி எல்லாம் அந்தக் கணக்கில் வருவதில்லை. மாதத்துக்கு ரெண்டு கிரில் அடிப்பவர் சிலிண்டரை வாங்கி மூலையில் வைத்து அழகு பார்ப்பதைக் கண்டிருக்கிறேன்.

காஸை நிறுத்தி, வயரை மாற்றி, அடிக்கத் தொடங்குவது

தம்பி செய்தது இதைத்தான். நானும் செய்தேன். இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வரும்.

வெள்ளவத்தையில் ஒரு அடுக்குமாடியின் மொட்டை மாடி. கீழே மரைன் டிரைவ், அதற்கு அப்பால் ரயில் பாதை, பிறகு கடல். உடுப்புக் காயப்போடும் இடத்துக்கு மேலே பொலிகார்பனேட் கூரை போட வேண்டும், அதற்குப் பொக்ஸ் பாரில் சட்டம். கடல் காற்றில் காஸ் நிற்காது என்று எனக்குத் தெரியும். அதனால் கெட்டிக்காரத்தனமாக ஃப்ளக்ஸ் கோர் வயர் வாங்கிக்கொண்டு போனேன். காஸ் குழாயைக் கழற்றினேன், சுருளை மாற்றினேன், அடித்தேன்.

முதல் ஒட்டிலேயே சரியில்லை. மழைநீர் விழுந்த எண்ணெய்ச் சட்டி மாதிரி படபடவென்று சத்தம். பொறி கழுத்துக்குள் போகிறது. வோல்டேஜைக் கூட்டினேன், குறைத்தேன். வயர் வேகத்தை மாற்றினேன். வீட்டு கரண்ட் பலவீனம் என்றேன். எக்ஸ்டென்ஷன் வயர் நீளம் என்றேன். கடைசியில் எல்லோரையும் போல வயர் டூப்ளிகேட் என்று முடிவு கட்டினேன். வீட்டுக்கார அம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "என்ன தம்பி, இண்டைக்குத் தீபாவளியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். எப்படியோ ஒட்டி முடித்து, அசிங்கமாக இருந்ததையெல்லாம் கிரைண்டரால் மட்டமாக்கி, பெயின்ட் அடித்து, காசும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தென்மேற்குப் பருவக் காற்று தொடங்கி ஒரு கிழமைக்குள் ஃபோன் வந்தது. இரண்டு கால்கள் அடித்தட்டிலிருந்து கழன்று, கூரை ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நின்றது. கீழே யாரும் இல்லாததால் தப்பினேன். கழன்ற இடத்தைப் பார்த்தபோது அடித்தட்டு புத்தம் புதிதாக இருந்தது. அதை என் ஒட்டு கடிக்கவே இல்லை. கொஞ்சநஞ்சம் இருந்ததையும் நானே கிரைண்டரால் சீவி எடுத்திருந்தேன். சட்டம் முழுவதையும் திரும்பச் செய்தேன், உடைந்த மூன்று தகட்டையும் வாங்கிக் கொடுத்தேன், இரண்டு பேருக்கு இரண்டு நாள் கூலியும் என் பையிலிருந்து போனது.

காரணம் என்ன? பிளான்டின் பக்கக் கதவுக்குள்ளே, வயர் ஓடும் பகுதிக்குக் கிட்ட, இரண்டு முனைகள் இருக்கும். ஒன்று பிளஸ், ஒன்று மைனஸ். காஸ் வைத்துச் சொலிட் வயரில் அடிக்கும்போது டோர்ச் (வயர் வெளியே வரும் கைப்பிடி) பிளஸில், ஏர்த் (இரும்பில் மாட்டும் கிளிப் கேபிள்) மைனஸில் இருக்க வேண்டும். நம் ஊரில் சின்ன பிளான்டுகளுக்கு வாங்கும் காஸ் இல்லாத ஃப்ளக்ஸ் கோர் வயர் பெரும்பாலும் ஈ71டி-ஜிஎஸ் அல்லது ஈ71டி-11. இவற்றுக்கு அது தலைகீழ்: டோர்ச் மைனஸ், ஏர்த் பிளஸ். குழாய் போன்ற அந்த வயருக்குள் இருக்கும் மருந்துப் பொடி அப்படி எரிவதற்கென்றே கலக்கப்பட்டது. முறைப்படி எரிந்தால் அதிலிருந்து காஸ் கிளம்பி ஒட்டைக் காற்றிலிருந்து காக்கும், மேலே ஸ்லாக் மூடும். மாற்றிக் கொடுத்தால் ஆர்க் துள்ளும், பொறி தெறிக்கும், ஒட்டில் ஊசித்துளை விழும். சொலிட் வயரை மைனஸில் போட்டாலும் இதே கூத்துத்தான்: ஒட்டு மேலே குந்திக்கொண்டிருக்கும், உள்ளே இறங்காது.

மாற்றுவதற்கு ஒரு ஸ்பேனரும் இரண்டு நிமிடமும் போதும். சில பிளான்டில் முன்பக்கம் ஒரு குட்டை கேபிளைக் கழற்றி மாற்றிச் செருகினால் முடிந்தது. இதற்கான படம் என் பிளான்டின் கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருந்தது. இரண்டு வருடமாக ஒவ்வொரு முறை சுருள் மாற்றும்போதும் அந்தப் படம் என் மூக்குக்கு முன்னால் இருந்திருக்கிறது. எரிச்சல் அதுதான்.

அதற்காக, "காஸ் இல்லை என்றால் மைனஸ்" என்று மனப்பாடம் பண்ணிவிடாதீர்கள். ஈ70டி-4 என்று ஒரு வயர் இருக்கிறது. அதற்கும் காஸ் வேண்டாம், ஆனால் டோர்ச் பிளஸில்தான். கனரக வேலைக்கான வயர் அது, நம் பட்டறைகளுக்கு அவ்வளவாக வராது. இருந்தாலும் சுருளின் லேபிளைப் பார்த்துவிட்டு நட்டைத் திருகுவதுதான் சரி. இன்னொன்று: விலை குறைந்த சில சின்ன பிளான்டுகளில் இந்த முனைகளே இருக்காது. காஸ் இல்லாத வயருக்கென்றே செய்தவை அவை, சில ஏ.சி. கரண்டையே வெளியே தரும். பிறகு காஸ் பூட்டிக்கொள்ளலாம் என்ற நினைப்பில் அதை வாங்க வேண்டாம்.

ஃப்ளக்ஸ் கோர் என்றாலே காஸ் வேண்டாம் என்று நினைப்பது

உள்ளே பொடி இருக்கும் வயர் எல்லாம் ஒரே சாதி இல்லை. ஈ71டி-1 வயருக்குள்ளும் பொடி இருக்கிறது, ஆனால் அதற்கு வெளியிலிருந்தும் காஸ் கொடுக்க வேண்டும். டோர்ச்சும் பிளஸில்தான். கப்பல் கட்டும் இடங்களில் ஓடும் வயர் இந்த இனம். அதைக் காஸ் இல்லாமல் அடித்தால் ஒட்டு இடியப்பத் தட்டு மாதிரி பொத்தல் பொத்தலாக வரும்.

ஜிஎஸ் என்று முடியும் வயரில் இன்னொரு கண்ணி: அது ஒரே ஓட்டுக்கு (டோர்ச்சை ஒருமுறை ஓட்டிப் போடும் ஒட்டுக்கு) மட்டும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மூன்று ஓட்டு வேண்டிய கனமான இரும்புக்கு அது இல்லை. அங்கே டி-11 பாருங்கள்.

காற்று அடித்தால் காஸைக் கூட்டுவது

சொலிட் வயருக்கு நிமிடத்துக்கு 10 முதல் 15 லீட்டர் வரை போதும். மணிக்கு 8 கிலோமீட்டர் காற்றே அந்தக் காஸைக் கலைத்துவிடும். வெள்ளவத்தை, தெகிவளைக் கரையில் அது காற்று என்றே கணக்கில் வராது. உடனே 25, 30 என்று திருகுவார்கள். அந்த வேகத்தில் காஸ் டோர்ச் முனையிலுள்ள நொசிலை விட்டுச் சுழன்று வரும்போது வெளிக் காற்றையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும். சிலிண்டரும் காலி, ஒட்டிலும் பொத்தல். ஒரு பலகையோ தகரமோ மறைப்பாக வையுங்கள். முடியாவிட்டால் வயரை மாற்றுங்கள். நட்டையும்.

டிக் அடிக்கிறவரிடம் ஆர்கன் கடன் வாங்குவது

சுத்த ஆர்கன், ஸ்டெயின்லெஸ் கைப்பிடியை டிக்கில் (டங்ஸ்டன் ஊசியால் ஆர்க் எழுப்பும் வெல்டிங்கில்) அடிப்பவருக்கு. சாதாரண இரும்பை மிக்கில் அடிக்க சி.ஓ.2, அல்லது ஆர்கனோடு 20, 25 வீதம் சி.ஓ.2 கலந்தது.

ரோலர்

வயரைத் தள்ளும் ரோலரில், சொலிட் வயருக்கு வி வடிவப் பள்ளம். ஃப்ளக்ஸ் கோருக்குச் சொரசொரப்பான பல் வைத்த ரோலர். அந்த வயர் உள்ளே குழாய், நசுங்கக்கூடியது. வழுக்குகிறதே என்று வி ரோலரை இறுக்கினால் குழாய் சப்பையாகிப் பொடி கொட்டும், டோர்ச்சில் வயர் வெளிவரும் டிப்பில் சிக்கும், பின்னால் வயர் சுருண்டு காக்கைக் கூடு கட்டும். பிளான்டோடு வந்த பையில் அந்த ரோலர் கிடக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள்.

டோர்ச்சை ஒட்டினாற்போல் பிடிப்பது

காஸில் பழகிய கை 10, 12 மில்லிமீட்டர் வயரை வெளியே விட்டுத்தான் அடிக்கும். காஸ் இல்லாத வயருக்கு 15 முதல் 20 வரை வெளியே இருக்க வேண்டும். அந்த நீளத்தில்தான் வயர் சூடேறி, ஈரம் போய், பொடி வேலைக்குத் தயாராகும். டிப்பிலிருந்து எவ்வளவு நீட்டுகிறது என்பதுதான் அளவு, நொசிலிலிருந்து இல்லை. டோர்ச்சைத் தள்ளாமல் இழுத்துக்கொண்டு வாருங்கள். தள்ளினால் ஸ்லாக் ஒட்டுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்த தகட்டில் ஃப்ளக்ஸ் கோர்

ஓட்டை. காஸும் 0.6 மில்லிமீட்டர் வயரும் எடுங்கள்.

ஸ்லாக்கின் மேல் பெயின்ட்

மூன்று மாதத்தில் பொருக்குப் பொருக்காக உரியும். தட்டி, பிரஷ் போட்டு, புகைக்கரியையும் துடைத்துவிட்டு அடியுங்கள்.

கதவைப் பூட்டிக்கொண்டு அடிப்பது

காற்று வந்தால் காஸ் கலையும் என்ற பழக்கத்தில் ஃப்ளக்ஸ் கோருக்கும் ஷட்டரை இறக்குகிறார்கள். இந்த வயர் தள்ளும் புகை காஸில் வருவதைவிடப் பல மடங்கு. அதிலும் ஜி.ஐ. பைப் (நாகம், அதாவது துத்தநாகம் பூசிய குழாய்) என்றால் நாகப் புகையும் சேரும். அன்றிரவு குளிர் காய்ச்சல் மாதிரி உடம்பு நடுங்கும். எங்கள் ஆட்கள் அதற்குப் பால் குடிப்பார்கள். பால் நல்லதுதான், ஆனால் புகைக்கு அது மருந்தில்லை. ஒட்டும் இடத்தில் நாகப் பூச்சைச் சுரண்டி எடுங்கள், கதவைத் திறந்து வையுங்கள், மாஸ்க் போடுங்கள்.

சுருளைப் பிளான்டிலேயே விட்டுவைப்பது

கொழும்பு ஈரத்துக்குச் சொலிட் வயரே துரு பிடிக்கும். ஃப்ளக்ஸ் கோர் பொடியோடு ஈரத்தையும் குடித்துவைத்துக்கொள்ளும். அதைக் கொண்டு அடித்தால் ஸ்லாக்கைத் தட்டிய பிறகு ஒட்டின் மேல் புழு ஊர்ந்த தடம் மாதிரி கோடுகள் தெரியும். மழைக் காலத்தில் இரண்டு கிழமை சும்மா கிடந்த சுருள் என்றால் முதல் சில சுற்றை வெட்டி எறிந்துவிட்டுத் தொடங்குவேன்.

வேலை முடிந்ததும் சுருளைக் கழற்றி, பொலித்தீன் பையில் சுற்றி, மூடி இறுக்கமான பழைய பிஸ்கட் டின்னுக்குள் வைத்துவிடுவேன். சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலங்களையும் எறியாமல் சேர்த்துப் போடுகிறேன். தம்பியின் "டூப்ளிகேட்" சுருளும் இப்போது அந்த டின்னில்தான் இருக்கிறது. அன்றைக்கு அவருக்கு முன்னாலேயே முனையை மாற்றி ஒரு பொக்ஸ் பார் துண்டில் அடித்துக் காட்டினேன், ஸ்லாக் ஒரே தட்டில் உரிந்து விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை பிளான்டோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். நாலு ஞாயிறு ஆகிவிட்டது.